கண்ணுக்குள் விளக்கேற்றிய ஹெல்ம்ஹோல்ட்ஸ்

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று முதலாம் ஆண்டு பிசிக்ஸில் படித்தோமே, அந்த விதியை நிலைநாட்டியவர்களில் ஒருவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஆனால் அவர் படித்தது டாக்டர் படிப்பு! இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பார்வை நிலைத்திருக்கிறது என்றால், அதற்கு முதல் வழி போட்டவரும் அவர்தான்.

1821 ஆகஸ்ட் 31-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பையனுக்கு இயற்பியல் மேல் ஆசை. அதைப் படிக்க வைக்கக் குடும்பத்தில் வசதி இல்லை. பெர்லினில் ராணுவ மருத்துவக் கல்வி நிலையத்தில் அரசாங்கச் செலவில் படிக்கலாம். முடித்ததும் எட்டு வருஷம் ராணுவ டாக்டராக இருக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொண்டு 1838-ல் சேர்ந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஆசைப்பட்டது ஒண்ணு, கிடைத்தது ஒண்ணு என்று நம்மில் எத்தனை பேர் இங்கே வந்திருக்கிறோம்! அதனாலேயே இவரை எனக்குப் பிடித்துப்போச்சு.

கிடைத்த வேலையைக் குறை சொல்லிக்கொண்டு அவர் உட்காரவில்லை. படைவீரர் குடியிருப்பிலேயே சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1847-ல் ஆற்றல் பற்றிக் கட்டுரை எழுதினார். பெரிய பத்திரிகை ஒன்று அதை ஏற்காததால் தனிச் சிறுநூலாக வெளியிட்டார். 1848-ல் ராணுவத்திலிருந்து முன்கூட்டியே விடுதலை கிடைத்தது. மறுவருஷம் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர் ஆனார்.

அங்கேதான் 1850-ல் அந்தக் கருவி பிறந்தது. ஒருவருடைய கண்மணி நமக்கு ஏன் கறுப்பாகத் தெரிகிறது? உள்ளே போகும் வெளிச்சம் விழித்திரையில் பட்டு, வந்த வழியே விளக்குக்குத் திரும்பிவிடுகிறது. அதைப் பார்க்க அந்த வழியில் தலையை நீட்டினால், தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். மாணவர்களுக்குப் பாடம் தயாரிக்கும்போது இதற்கு வழி கண்டார். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, கண்ணாடித் தகட்டைச் சாய்த்துப் பிடித்தார். தகட்டில் பட்ட வெளிச்சம் பிரதிபலித்துக் கண்ணுக்குள் போனது. திரும்பி வந்ததில் ஒரு பகுதி தகட்டை ஊடுருவி அவர் கண்ணை எட்டியது. தெளிவுக்கு ஒரு குழிலென்ஸ். அட்டை, பசை, மூக்குக்கண்ணாடி லென்ஸ், மெல்லிய கண்ணாடித் தகடு, இவ்வளவுதான் சாமான்! உயிருள்ள மனிதனின் விழித்திரையும் அதன் ரத்தக்குழாய்களும், கத்தி வைக்காமலே கண்முன் தெரிந்தன. 1851-ல் இதை நூலாக வெளியிட்டார்.

சில வருஷங்களிலேயே வியன்னாவில் எடுவார்ட் யேகர், சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் மாற்றங்களைக் கண்டு எழுதினார். அப்போது எல்லோரும் அதை ஏற்கவில்லை. சர்க்கரை அதிகமானால் நுண்குழாய்கள் பலவீனப்பட்டுப் புடைக்கும், கசியும், அடைபடும். பிறகு முளைக்கும் புதுக் குழாய்கள் லேசில் உடைந்து ரத்தம் கொட்டும். ஆரம்பத்தில் வலியும் இராது, பார்வையும் குறையாது.

எங்க அப்பாயிக்கு அப்படித்தான். பத்து வருஷமாகச் சர்க்கரை. கண் நல்லாத்தான் தெரியுது என்று இருந்தது. திடீரென்று ஒரு கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போயிடுச்சு. முன்னாடியே பார்த்திருந்தால் லேசர் வைத்துக் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது என்றார் டாக்டர்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த மக்கள் ஆய்வில், இளவயதிலேயே சர்க்கரை வந்து 15 வருஷம் கடந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் விழித்திரைப் பாதிப்பு இருந்தது. சென்னை மக்களிடையே நடத்தி 2005-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு இருந்தது. ஆயிரக்கணக்கான கண்களை இப்படிப் படமெடுத்து எண்ண முடிவதற்கு விதை, அந்த அட்டையும் பசையும்தான்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1871-ல், ஐம்பது வயதை நெருங்கும்போது, பெர்லினில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். ஆசைப்பட்ட பாடம் அப்போதுதான் கைக்கு வந்தது! ரேடியோ அலைகளைக் கண்ட ஹெர்ட்ஸ் அவருடைய மாணவர். 1894 செப்டம்பர் 8-ல் மறைந்தார்.

நண்பர்களே, கிடைத்த படிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். உங்க வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால், பார்வை நல்லா இருந்தாலும் வருஷம் ஒரு தடவை மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள். அந்த மேதைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.