ரோசாப்பூ துரை

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்து வந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு வக்கீல். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அவர்கள்.

1887ல் திருவிதாங்கூர் செங்கன்னூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் எடின்பரோவிலும் படித்து, லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டராகி 1909ல் தாயகம் திரும்பினார். சென்னையில் சிறிது காலம் இருந்துவிட்டு மதுரைக்கு வந்து தொழில் நடத்தலானார். சீமைப் பட்டத்துக்கு அன்றிருந்த மதிப்பில், சொத்து வழக்குகளை மட்டும் பார்த்திருந்தாலே சுகமாக வாழ்ந்திருக்கலாம். இந்த இளைஞரின் மனம் வேறு பக்கம் போயிற்று.

குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1871ல் வடநாட்டில் பிறந்து, 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்த சட்டம் அது. 1914 முதல் மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் மக்கள்மீது அதை ஏவினார்கள். வயது வந்த ஆண்கள் கைரேகை பதியவேண்டும். இரவில் போலீஸ் சொல்லும் இடத்தில் போய்ப் படுக்கவேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். திருடியவனுக்கு மட்டுமல்ல, ஒரு குலத்தில் பிறந்ததற்கே இந்தத் தண்டனை! ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவனைப் பிடிக்கலாகாது என்பது மதரஸாவில் ஓதும் சிறுவனுக்கும் தெரியும். பார்லிமெண்டைக் கட்டி ஆண்டவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

ஜோசப் அந்த ஏழைகளுக்காகக் கோர்ட்டில் நின்று வாதாடினார். கோர்ட்டோடு விடாமல் பத்திரிகைகளில் எழுதினார். சர்க்காருக்கும் எடுத்துச் சொன்னார். 1920 ஏப்ரல் 3ந் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது போலீசார் சுட்டதில், மாயக்காள் என்ற பெண்மணி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். எந்தக் கொடுமையை எதிர்த்து அவர் வாதாடினார் என்பதை விளக்க இந்த ஒரு செய்தியே போதும்.

சட்டையில் ரோஜாப்பூச் செருகியிருப்பார், அதனால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். ஜோசப் என்பதே கிராமத்து நாவில் ரோசாப்பூ ஆயிற்று என்பார்கள் வேறு சிலர். நமக்குப் பின்னதே பொருத்தமாகப் படுகிறது. நாம் யூசுஃப் என்று சொல்லும் பெயர்தான் அது. செய்யாத குற்றத்துக்குச் சிறை இருந்த நபியின் பெயர்.

ஆலைத் தொழிலாளருக்கும் அவர் துணை நின்றார். 1918ல் மதுரையில் சங்கம் அமைத்தவர்களில் அவரும் ஒருவர். 1918ல் டாக்டர் வரதராஜுலு நாயுடுமீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, ராஜாஜியுடன் சேர்ந்து அவருக்காக வாதாடினார்.

கிலாபத்துக்காக நம் முன்னோர் புறப்பட்ட அதே நாட்களில், ஒத்துழையாமையை ஏற்று, நல்ல வருமானம் தந்த தொழிலைத் துறந்தார். அலகாபாத் சென்று மோதிலால் நேருவின் இண்டிபெண்டன்ட் பத்திரிகையை நடத்திச் சிறை புகுந்தார். யங் இந்தியா ஆசிரியராக இருந்ததும், 1924ல் வைக்கம் போராட்டத்தில் நின்றதும் தனியே எழுதவேண்டிய கதைகள். மதுரையின் வழக்குமன்றத்தை மட்டும் அவர் அடியோடு மறக்கவில்லை. 1933ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜருக்காக வாதாட வந்தார்.

1938 மார்ச்சில், ஐம்பது வயதிலேயே, மதுரையில் காலமானார். அவர் எதிர்த்த சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது 1947ல்தான்.