சூரியனைத் தொடாம அளந்தவர்

ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்ல நான்காம் அடுக்கு போட்டு மார்க் வாங்குறோமே, அந்த யோசஃப் ஸ்டெஃபன் 1835-ல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபர்ட் அருகே பிறந்தவர். பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனோ ஸ்லோவேனிய மொழியில் கவிதை எழுதினார், வியன்னாவில் இயற்பியல் பேராசிரியரும் ஆனார்.

டிண்டால் செய்த சோதனையில், பிளாட்டினம் கம்பி 525 டிகிரியில் வீசியதைவிட 1200 டிகிரியில் 11.7 மடங்கு வெப்பம் வீசியது. கெல்வினுக்கு மாத்தி, 1473-ஐ 798-ஆல் வகுத்து நான்காம் அடுக்கு போடுங்க: 11.6! (கால்குலேட்டர் சும்மாதானே இருக்கு?) பளபளக்கும் பிளாட்டினம் கரும்பொருளே இல்ல, பாதி அதிர்ஷ்டம்தான். ஆனா விதி சரி. 1879-ல் அதை வெளியிட்டு, சூரியனின் மேற்பரப்பு சுமார் 5430 டிகிரி செல்சியஸ்னு கணக்கிட்டார். அதுவரை சிலர் லட்சக்கணக்கில் சொல்லிட்டிருந்தாங்க. 1884-ல் அவர் மாணவர் போல்ட்ஸ்மன் அந்த விதியைத் தியரியாகவே நிறுவினார். ஸ்டெஃபன் 1893-ல் மறைந்தார்.

நெத்திக்கு நேரா நீட்டுற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டருக்குள்ள ஓடுறதும் அவர் கணக்குதான். லேப்ல பளபள ஸ்டீல் பைப்புக்கு நீட்டினா தப்பா காட்டும், எமிசிவிட்டியை மாத்தணும்.