காற்றைக் கணக்கிட்ட ரிச்சர்ட்சன்

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள். பொழுது இன்னும் நன்கு புலரவில்லை. சென்னையினின்று தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி, அரியலூரைக் கடந்து மருதையாற்றுப் பாலத்தை அணுகியது. கோடையில் மணலாய்க் கிடக்கும் அச்சிற்றாறு, மழைவெள்ளத்தால் கரைபுரண்டு ஓடிப் பாலத்தைச் சிதைத்திருந்தது. எஞ்சினும் பெட்டிகள் பலவும் வெள்ளத்தில் வீழ்ந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பொறுப்பேற்று, அந்நாள் இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியார் பதவி துறந்தார்.

அரியலூரும் பெரம்பலூரும் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இப்பகுதியின் பெரும்பாகம் வானம் பார்த்த பூமி. கரிசல் நிலத்தில் பருத்தி விதைக்கும் உழவர், ஐப்பசி கார்த்திகை மழையை எதிர்நோக்கி நிற்பர். மழை பொய்த்தால் வறுமை. மிகுந்தால் மருதையாற்றில் நேர்ந்தது போன்ற அழிவு. நாளைப் பெய்யும் மழையை இன்றே எண்களால் கணக்கிட்டுரைக்கும் முறை அந்நாளில் நம் நாட்டில் நடைமுறைக்கு வரவில்லை. அது வந்திருப்பினும் அப்பாலம் பிழைத்திருக்கும் என்று கூறுதற்கில்லை. ஆயினும் அம்முறைக்கு வழிவகுத்த அறிஞர் ஒருவர், அதற்கு மூன்றாண்டுகட்கு முன்புதான் ஸ்காத்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில் கண்மூடியிருந்தார். அவரே லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் என்பார்.

ரிச்சர்ட்சன் 1881ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தையார் டேவிட் தோல் பதனிடும் தொழில் நடத்தியவர். மக்கள் எழுவருள் இவரே இளையவர். குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். படைக்கலம் ஏந்தலாகாது என்பது அப்பிரிவினர் போற்றும் கொள்கை. இக்கொள்கை ரிச்சர்ட்சனின் வாழ்வை ஒருமுறையன்று, பன்முறை திசைதிருப்பியதை மேலே காண்போம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று வெளிவந்த அவர், சில ஆண்டுகள் ஓரிடத்தும் நிலைத்துப் பணியாற்றவில்லை. கரிச்சேற்று நிலத்தில் நீர் எவ்வாறு ஊறிச் செல்கிறது என்று ஆராயும் வேலை ஒரு சமயம் அவருக்கு வாய்த்தது. அதற்குரிய சமன்பாடுகள் எளிதில் விடை தாரா. ஆகவே, நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றாலேயே விடை காணும் வழியொன்றை அவர் மேற்கொண்டார். பின்னர் அவ்வழியாலேயே, கற்கட்டு அணை ஒன்றனுள் அழுத்தம் பரவும் தன்மையைக் கணக்கிட்டு 1910இல் அறிஞர் அவைக்கு அளித்தார். கணக்கு எளிது, ஆனால் மிகப் பெரிது. எனவே இளைஞர் சிலரைக் கூலிக்கு அமர்த்தினார். எண்ணின் இலக்கங்களுக்கு ஏற்பக் கூலி உண்டு. பிழையான கணக்குக்குக் கூலி இல்லை. விரைவு மிக்க இளைஞன் ஒருவன் மூன்றிலக்க எண்களில் வாரத்துக்கு 2,000 கணக்குகள் செய்தானாம். ஒரு பெருங்கணக்கைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கலாம் என்பது ரிச்சர்ட்சனுக்கு இங்ஙனம் கூலிக் கணக்கினின்றே புலனாயிற்று.

1913இல் அவர் ஸ்காத்லாந்தில் எஸ்க்டேல்மூர் என்னுமிடத்து ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். வானிலையையும் கட்டங்களாக வகுத்துக் கணக்கிட இயலுமா என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. இன்றைய காற்றின் அழுத்தம், வேகம், ஈரம் ஆகியவை தெரிந்தால், இயற்கை விதிகளைக்கொண்டு நாளைய நிலையைக் கணக்கிடலாமன்றோ?

அதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. ரிச்சர்ட்சன் துப்பாக்கி ஏந்த உடன்படவில்லை. வாளா இருக்கவும் அவர் உள்ளம் இசையவில்லை. 1916இல் பதவியை விட்டு விலகி, குவேக்கர் நடத்திய மருத்துவ ஊர்திப் படையிற் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றார். பகலிலும் இரவிலும் குண்டடிபட்டோரை ஏற்றி வந்தார். ஓய்வு கிடைத்தபோது, குளிர்ந்த தங்கிடத்தில் வைக்கோற் குவியலைக் மேசையாகக் கொண்டு கணக்கிட்டார். 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஐரோப்பாவில் அளந்து குறித்திருந்த அளவுகள் அவரிடம் இருந்தன. அவற்றைக்கொண்டு, செர்மனியின் ஒரு பகுதியில் ஆறு மணி நேரத்தில் நிகழ்ந்திருக்க வேண்டிய மாற்றத்தைக் கணக்கிட்டார். இப்பணிக்கு ஆறு வாரங்கள் பிடித்தன. 1917இல் சாம்பேன் போரின்போது பின்னணிக்கு அனுப்பப்பட்ட கையெழுத்துப் படி காணாமற்போய், பல திங்களுக்குப் பின்னர்ப் பெல்சியத்தில் நிலக்கரிக் குவியல் ஒன்றன் அடியில் அகப்பட்டது.

இத்துணைப் பாடுபட்டும் விடை தவறாயிற்று. சிறு தவறும் அன்று. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று கணக்குக் கூறியது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறாமலே இருந்தது. அத்தகைய உயர்வு உலகில் எங்கும் கண்டறியாதது. வேறொருவராயின் அவ்வேடுகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பர். ரிச்சர்ட்சனோ 1922இல் தாம் வெளியிட்ட நூலில், தவறான அவ்விடையையும் ஒளியாது முழுமையாக அச்சிட்டார். தொடக்க அளவுகளில், சிறப்பாகக் காற்றின் அளவுகளில், குறை இருந்திருக்க வேண்டும் என்று கருதினார். பிற்காலத்தார் அவ்வளவுகளைச் சீர்செய்து அவருடைய வழியிலேயே கணக்கிட்டபோது பொருத்தமான விடை கிடைத்தது. ஒளியாது அச்சிட்டமையாலன்றோ அவ்வாறு மீண்டும் கணக்கிட முடிந்தது!

அந்நூலில் அவர் ஒரு கற்பனை மண்டபத்தையும் வருணித்துள்ளார். உருண்டை வடிவான பெரிய நாடக அரங்கு. சுவர் முழுதும் உலகப் படம். உலகம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கும். அந்தந்தக் கட்டத்துக்கு எதிரே கணக்கர் அமர்ந்திருப்பர். மொத்தம் 64,000 கணக்கர். ஒவ்வொருவரும் தம் பங்குக் கணக்கை மட்டுமே செய்வர். விடையை அண்டையிலுள்ளோர் காணுமாறு பலகையில் காட்டுவர். நடுவே உயர்ந்த மேடையில் நிற்கும் தலைவர், முந்தி ஓடுவோர் மீது செந்நிற ஒளியும், பின்தங்குவோர் மீது நீல ஒளியும் பாய்ச்சி, எல்லாரையும் ஒரு சீராக நடத்துவார்.

அத்தலைவர் எதற்காக? கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கத்தில் நாற்று நடுவதைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். பத்துப் பெண்கள் வரிசையாய் நின்று நடுவர். ஒவ்வொருத்திக்கும் ஒரு பத்தி. நட்டபின் யாவரும் ஒருங்கே ஓரடி பின்வாங்குவர். ஒருத்தி பிந்தினால் வரிசை கோணும். ஏனையோர் அவளுக்காகக் காத்திருக்க நேரும். வானிலைக் கணக்கும் இத்தகையதே. ஒரு கட்டத்தின் அடுத்த வேளைக் கணக்குக்கு அண்டைக் கட்டங்களின் விடை வேண்டும். அவ்விடை வாராவிடின், கைவிரைவு மிக்க கணக்கரும் சும்மா இருத்தல் வேண்டும். ஆகவே ஆட்களைப் பெருக்குவதால் மட்டும் வேலை விரைந்து முடியாது. வேலையைச் சமமாகப் பகிர்தல், அண்டையார்க்கு விடையை விரைந்து சேர்த்தல், பிந்துவோரைக் கண்டறிதல் ஆகிய மூன்றும் வேண்டும். இன்று கல்லூரிகளில் கணிப்பொறியியல் பயிலும் மாணாக்கர், இணைக்கணிப்பு என்னும் பெயரால் தொடக்கத்திலேயே கற்பவை இவையே. மின்னணுக் கணிப்பொறி ஒன்றேனும் தோன்றாத காலத்தில் ரிச்சர்ட்சன் இவற்றைக் கண்டது வியப்பிற்குரியது.

போர் முடிந்தபின் அவர் வானிலைத் துறைக்கு மீண்டார். 1920இல் அத்துறை வான்படையையும் ஆண்ட அமைச்சகத்தின் கீழ்ச் சென்றது. தம் அறிவு போருக்குத் துணையாவதை விரும்பாது அவர் மறுபடியும் விலகினார். பின்னர்க் கல்லூரி ஆசிரியராகவும், பெய்சிலி நகரத் தொழிற் கல்லூரியின் முதல்வராகவும் இருந்து வாழ்நாளைக் கழித்தார். 1926இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமை அவரை நாடி வந்தது. 1940இல் ஓய்வு பெற்றபின், நாடுகள் ஏன் போரிடுகின்றன என்பதையும் கணக்காலேயே தொடர்ந்து ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியில் அவர் எய்திய பயன் எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய உழைப்பில் ஐயமில்லை.

1950இல் அமெரிக்காவில் சார்னி முதலானோர் எனியாக் என்னும் கணிப்பொறியைக்கொண்டு 24 மணி நேர வானிலையைக் கணித்தனர். கணிப்பதற்கும் ஏறத்தாழ 24 மணி நேரமே ஆயிற்று. முடிவுகளைச் சார்னி அனுப்பியபோது முதியவர் ரிச்சர்ட்சன் மகிழ்ந்து பாராட்டினார். 1953ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள், கில்மன் என்னும் ஊரில் அவர் காலமானார்.

மண்டபம் பற்றிய அவர் கனவு நனவாகப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. 1970களில் அமெரிக்காவில் இயங்கிய இல்லியாக் 4 என்னும் பொறியில், ஒருங்கே கணக்கிடும் உறுப்புகள் 64 இருந்தன. 64,000 எங்கே, 64 எங்கே! நம் நாட்டில் அக்கனவு நனவானதற்கும் வானிலையே ஒரு காரணம். 1980களில் பருவமழையைக் கணிக்க இந்தியா அமெரிக்காவிடம் ஆற்றல் மிக்க கிரே கணிப்பொறியைக் கேட்டது. அந்நாட்டரசு அதனைத் தர மறுத்து, ஆற்றல் குறைந்த ஒன்றையே தர இசைந்தது. அதன்பின் 1988இல் புனேயில் நிறுவப்பட்ட உயர்கணிப்பு மையம், சிறிய கணிப்புறுப்புகள் பலவற்றை ஒன்றாய் இணைத்து 1991இல் பரம் 8000 என்னும் பொறியை உருவாக்கிற்று. பெரியதொன்று கிடையாதபோது சிறியன பலவற்றைச் சேர்த்துக்கொண்ட செயல் அது. 2018இல் பிரத்யூஷ், மிகிர் என்னும் பொறிகளும், 2024இல் அர்க்கா, அருணிகா என்னும் பொறிகளும் வானிலைக் கணக்குக்கென்றே புனேயிலும் நொய்டாவிலும் அமைக்கப்பட்டன.

ரிச்சர்ட்சன் வகுத்த 200 கிலோமீட்டர்க் கட்டம் ஒன்றனுள் அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய நான்கும் அடங்கிவிடும்; நான்குக்கும் ஒரே மழைதான். 2018இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த கணிப்பு முறையின் கட்டம் 12 கிலோமீட்டர். 2025இல் வந்ததன் கட்டம் 6 கிலோமீட்டர். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்த் தொலைவு. ஆகவே இன்று பெரம்பலூரின் மழைக்கு ஒரு கட்டம், அரியலூரின் மழைக்கு வேறொரு கட்டம். இடையிலுள்ள கட்டங்கள் ஒவ்வொன்றும், கணக்கின் ஒவ்வோர் அடியிலும், தன் விடையைப் பக்கத்துக் கட்டத்துக்குக் கொடுத்து, அதன் விடையைப் பெற்றுக்கொண்டு அடுத்த அடிக்குச் செல்கின்றது.