சிலைகளைத் தேடிய மண்ணியல் அறிஞர்

1936ஆம் ஆண்டு பேராக், பீடோரில் ஈயச் சுரங்கம் ஒன்றிலிருந்து எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. 79 செ.மீ. உயரமுள்ள அச்சிலை இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தகைய சிலைகளின் கலைச்சிறப்பை உலகுக்கு எடுத்துச்சொன்ன முன்னோடிகளுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி.

அவர் 1877 ஆகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி, ஈழத் தமிழர். தாய் எலிசபெத், ஆங்கிலேயர். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டனில் மண்ணியல் படித்து, இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநரானார்.

பாறைகளைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றவரின் கவனத்தைக் கைவினைஞர்கள் ஈர்த்தனர். இறக்குமதிப் பொருள்களால் அவர்களின் தொழில் நசிந்து வருவதைக் கண்டு வருந்தினார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். 1914இல் கொழும்பு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைப் பற்றித் தனி நூல் எழுதினார்.

இலங்கையின் பழஞ்சிலைகள் சில பொன்முலாம் பூசப்பட்டவை. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துச் சிலைமீது பூசிச் சூடேற்றுவது பழைய முறைகளுள் ஒன்று. பாதரசம் ஆவியாகிவிடும், பொன் சிலையோடு ஒட்டி நிற்கும். அந்தப் படலம் மிக மெல்லியது. தொடர்ந்து தேய்த்துவந்தால் தேய்ந்துபோகும்.

குமாரசுவாமி ஓவியங்களையும் சிலைகளையும் தேடிச் சேர்த்தார். அவற்றைக் காக்க இந்தியாவிலேயே ஓர் அருங்காட்சியகம் அமைய வேண்டுமென விரும்பினார். அந்த முயற்சி கைகூடவில்லை. 1917இல் அவரது தொகுப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அவரும் அதன் காப்பாளராகச் சென்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த சிவ நடனம் பற்றிய அவரது நூல் நடராசர் வடிவத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கியது. 1947 செப்டம்பர் 9இல் அமெரிக்காவிலேயே மறைந்தார்.

அவர் தேடிச் சேர்த்தவை அழியாமல் பிழைத்தன. ஆனால், அவற்றைப் பார்க்க நாம் கடல் கடக்க வேண்டியிருக்கிறது.

மாணவர்களே, ரப்பர் தோட்டங்களைவிட்டு ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களில் பாட்டன் காலத்துச் சிலையோ விளக்கோ இருக்கலாம். அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன், யார் கொண்டுவந்தது, எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். மண்ணுக்குள்ளிருந்து பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட அதிகாரியிடம் தெரிவியுங்கள்; 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் அதைக் கடமையாக்குகிறது.