உப்பில்லா கீரை டு நண்டுக் கறி: பசிக்கு ரூட் சொன்ன நத்தத்தனார் யார்?

மாமல்லபுரம் தாண்டி ஈசிஆரில் தெற்கே போனா, கடலுக்கும் கழிக்கும் நடுவில் இடைக்கழிநாடு வரும். செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தப் பகுதிதான் சங்கப் புலவர் நல்லூர் நத்தத்தனாரின் ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எழுதியவர் இவர்.

பாட்டில் என்ன இருக்கு?

ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். மொத்தம் 269 அடிகள்.

வழியில் என்ன கிடைக்கும்?

* எயிற்பட்டினம்: பரதவர் தரும் பழைய கள், சுட்ட கருவாடு
* வேலூர்: எயினர் வீட்டுப் புளிச்சோறு, சுட்ட காட்டுப்பசு இறைச்சி
* ஆமூர்: உழவர் வீட்டில் உலக்கையால் குத்திய அரிசிச்சோறு, நண்டுக் கறி

கடைசியில் அரண்மனை. பீமன் எழுதிய சமையல் நூல்படி ஆக்கிய பலவகை உணவைப் பொற்கலத்தில் போட்டு, மன்னனே பக்கத்தில் நின்று பரிமாறுவான்.

அதுக்கு முன்னாடி?

வழி சொல்லும் பாணன் தன் வீட்டு நிலைமையையும் மறைக்கல. குப்பையில் முளைத்த கீரையைப் பறிச்சு, உப்புகூட இல்லாம வேகவைத்து, யாராவது பார்த்துடுவாங்களோன்னு கதவை அடைச்சுட்டு, குடும்பமே பகிர்ந்து சாப்பிட்ட காலம் அது.

மன்னனைப் புகழும் பாட்டில், அந்த மூடிய கதவுக்கும் இடம் கொடுத்தவர் நத்தத்தனார்.