ராணியின் தலையை வாங்கிய ரகசியக் கடிதம்

1587-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி. நள்ளிரவு கடந்து மணி 2.

இங்கிலாந்தில் பாதரிங்கே என்று ஒரு கோட்டை. அதில் ஓர் அறையில் ஒரு பெண் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள். அவளுக்கு வயது 44. காலை 8 மணிக்கு அவள் தலையை வெட்டப் போகிறார்கள். முதல் நாள் மாலைதான் அதை அவளிடம் சொன்னார்கள்.

கடிதம் பிரான்சு நாட்டு ராஜாவுக்கு. அவர் அவளுடைய முதல் கணவனின் தம்பி.

எழுதி முடித்ததும் அந்தக் கடிதத்தைப் பூட்டினாள்.

கடிதத்துக்குப் பூட்டா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் கவர் கிடையாது. கடிதத் தாளின் ஓரத்திலேயே மெல்லிய நாடா ஒன்றை வெட்டுவார்கள். தாளை மடித்து, கத்தியால் கீறித் துளை போட்டு, ஊசியில் தைப்பதுபோல அந்த நாடாவை உள்ளே விட்டு, வெளியே இழுத்து, சுற்றிச் சுற்றி இறுக்குவார்கள். நாடாவை அறுக்காமல் கடிதத்தைப் பிரிக்க முடியாது. அறுத்தால் மறுபடி சேர்க்க முடியாது. வழியில் யாராவது படித்திருந்தால் கடிதமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சாகப் போகிறவளுக்கு இத்தனை எச்சரிக்கை ஏன்?

அவள் சாகப் போவதே, நடுவழியில் பிறர் படித்துவிட்ட ஒரு கடிதத்தால்தான். அவள்தான் ஸ்காட்லாந்து ராணி மேரி.

தொட்டிலில் ராணி

மேரி 1542-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி பிறந்தாள். பிறந்து 6 நாள் ஆனபோது தந்தை ஜேம்ஸ் ராஜா இறந்தார். தொட்டிலில் கிடந்த குழந்தை ராணி ஆகிவிட்டது.

5 வயதில் அவளைக் கப்பல் ஏற்றிப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அங்கேயே வளர்ந்தாள். 15 வயதில் பிரெஞ்சு இளவரசனுக்கு மனைவி ஆனாள். அடுத்த ஆண்டே அவன் ராஜா ஆனான். அவளுக்கு இரண்டு கிரீடம். ஆனால் 1560 டிசம்பர் 5-ந் தேதி அவன் நோயில் இறந்துவிட்டான். மேரி விதவை ஆனபோது 18 வயது நிறைய இன்னும் 3 நாள் இருந்தது.

மறு ஆண்டு ஸ்காட்லாந்துக்குத் திரும்பினாள். அவள் கத்தோலிக்க மதம். நாடோ அதற்குள் புராட்டஸ்டண்டு மதத்துக்கு மாறியிருந்தது. பிரபுக்கள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள்.

1565-ல் டார்ன்லி என்ற உறவினனை மணந்தாள். அந்தக் கல்யாணம் அவளுக்குச் சுகம் தரவில்லை. மேரிக்கு ரிச்சியோ என்று ஓர் இத்தாலியன் காரியதரிசி இருந்தான். அவளுடைய பிரெஞ்சுக் கடிதங்களை எழுதுவது அவன் வேலை. அவன்மீது டார்ன்லிக்குப் பொறாமை. 1566 மார்ச் 9-ந் தேதி இரவு மேரி சாப்பிட்டுக் கொண்டிருந்த அறைக்குள் ஆயுதங்களோடு ஆட்கள் புகுந்தார்கள். ரிச்சியோவை இழுத்துப் போய் 50-க்கு மேற்பட்ட இடங்களில் குத்திக் கொன்றார்கள். அப்போது அவள் 6 மாதக் கர்ப்பிணி.

அடுத்த ஆண்டு டார்ன்லி கொல்லப்பட்டான். அவன் தங்கியிருந்த வீடு வெடிமருந்தால் தகர்ந்தது. அவன் பிணம் தோட்டத்தில் கிடந்தது. பாத்வெல் என்ற பிரபுதான் கொலைகாரன் என்று ஊரெல்லாம் பேச்சு. மூன்றே மாதத்தில் மேரி அந்தப் பாத்வெல்லையே மணந்தாள். மனமுவந்து மணந்தாளா, பலாத்காரத்துக்குப் பணிந்தாளா என்பது இன்றுவரை வழக்கு. எப்படியானாலும் அது பெரும் பிழை. நாடே அவளுக்கு எதிராகத் திரும்பியது. ஏரி நடுவே ஒரு கோட்டையில் அவளை அடைத்து, முடியைப் பறித்து, ஒரு வயதுப் பிள்ளைக்குச் சூட்டினார்கள்.

1568 மே மாதம் தப்பினாள். படை திரட்டினாள். தோற்றாள். படகில் கடலைத் தாண்டி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தாள்.

அத்தை பேத்தி

இங்கிலாந்தை ஆண்டவள் எலிசபெத் ராணி. மேரியின் தந்தைக்கு அவள் மாமன் மகள். நம் ஊர்க் கணக்கில் முறைப்பெண். எலிசபெத்துக்கோ மேரி அத்தையின் பேத்தி. உறவு கைகொடுக்கும் என்று மேரி நம்பினாள்.

எலிசபெத்துக்குப் பிள்ளை கிடையாது. அவளுக்குப் பிறகு பட்டத்துக்கு வரத்தக்கவள் மேரி. இப்போதே அவள்தான் உண்மையான ராணி என்று சொன்ன கத்தோலிக்கர்களும் உண்டு. அப்படிப்பட்டவளை வெளியே விடவும் பயம், கொல்லவும் தயக்கம். ஆகவே காவலில் வைத்தாள் எலிசபெத். அந்தக் காவல் 18 ஆண்டுக்கு மேல் நீடித்தது. இவ்வளவு காலத்தில் இரண்டு ராணிகளும் ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை!

வந்த ஆண்டே ஒரு விசாரணை நடந்தது. ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் ஒரு வெள்ளிப் பெட்டியைக் கொண்டு வந்தார்கள். அதில் மேரி பாத்வெல்லுக்கு எழுதியதாகச் சில காதல் கடிதங்கள். கணவனைக் கொல்லும் சதியில் அவளுக்குப் பங்கு உண்டு என்பதற்கு அவையே சாட்சி என்றார்கள். அவை தன் கடிதங்கள் அல்ல, தன் கையெழுத்தைப்போல எழுத ஆட்கள் உண்டு என்றாள் மேரி. அந்தக் கடிதங்களின் மூலப் பிரதிகள் பின்னர் மாயமாக மறைந்துவிட்டன. உண்மையா, பொய்யா என்று இன்றும் யாராலும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

படிகாரத் தண்ணீர்

சிறையில் மேரிக்கு இரண்டே பொழுதுபோக்கு. ஒன்று பூத்தையல். மற்றொன்று கடிதம்.

காவலாளிகள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள். ஆகவே அவள் சங்கேத எழுத்தில் எழுதினாள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி. அடிக்கடி வரும் பெயர்களுக்குத் தனிக் குறி. ஒன்றுமே பொருள் இல்லாத குறிகளும் நடுவில் வரும். அவை படிப்பவனை ஏமாற்ற. குறிகளின் பட்டியல் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கும். எழுதுகிறவரிடம் ஒன்று, பெறுகிறவரிடம் ஒன்று.

படிகாரத்தையும் அவள் பயன்படுத்தினாள். நம் வீடுகளில் உள்ள அதே படிகாரம்தான். அதைத் தண்ணீரில் கரைத்து எழுதினால் காய்ந்ததும் எழுத்து தெரியாது. தண்ணீரில் நனைத்தால் தெரியும்.

லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் காஸ்டெல்னோவுக்கு அவள் இப்படிப் பல கடிதங்கள் அனுப்பினாள். அதற்கு வைத்திருந்த சங்கேதம் மிகக் கடினமானது. ஒரே எழுத்துக்குப் பல குறிகள். எலிசபெத்தின் மந்திரி வால்சிங்காம் என்ன செய்தார்? பூட்டை உடைக்க அவர் சிரமப்படவில்லை. சாவி இருந்த வீட்டிலேயே ஆளைப் பிடித்தார். 1583 முதல் தூதர் மாளிகையிலிருந்தே பிரதிகள் அவருக்குப் போயின.

பீப்பாய்க்குள் பை

1585-ல் பாலட் என்ற புதிய அதிகாரி காவலுக்கு வந்தார். மகா கண்டிப்புக்காரர். கடிதப் போக்குவரத்து அடியோடு நின்றது. உலகத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் மேரி தவித்தாள்.

1586 ஜனவரியில் திடீரென்று வழி பிறந்தது. கிப்போர்டு என்ற கத்தோலிக்க வாலிபன் ஒரு யோசனை கொண்டு வந்தான். அவள் இருந்த சார்ட்லி மாளிகைக்குப் பீர் பீப்பாய் வரும். பீப்பாயின் அடைப்புக்குள் நனையாத பையில் கடிதத்தை வைத்து அனுப்பலாம். பதிலை வெறும் பீப்பாயில் திருப்பி அனுப்பலாம். மாதக் கணக்கில் தேங்கிக் கிடந்த கடிதங்கள் அப்படி வந்து சேர்ந்தன. மேரிக்கு உயிர் வந்தது.

கிப்போர்டு வால்சிங்காமின் ஆள் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒவ்வொரு கடிதமும் முதலில் பெலிப்ஸ் என்பவனிடம் போகும். சங்கேதத்தைப் படிப்பதில் அவன் சூரன். இங்கிலீஷில் எந்த எழுத்து அதிகம் வரும், எது குறைவாக வரும் என்று ஒரு கணக்கு உண்டு. அதுபோலக் கடிதத்தில் எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணி எண்ணியே கண்டுபிடித்துவிடுவான். இன்னொருவன் அரக்கு முத்திரையைப் பெயர்த்து, பழையபடியே ஒட்டித் தருவான். பீர்க்காரனுக்கு மேரியிடமும் பணம், சர்க்காரிடமும் பணம். போதாதென்று பீரின் விலையையும் ஏற்றிக் கேட்டான்!

ஜூலை மாதம் பெலிப்ஸ் சார்ட்லிக்கே வந்தான். குட்டையான ஆள். முகத்தில் அம்மைத் தழும்பு. கிட்டப் பார்வை. மேரி அவனைப் பார்த்து, அவன் அடையாளங்களைக் கடிதத்தில் எழுதவும் எழுதினாள். தன் கடிதங்களையெல்லாம் படிக்கிறவன் அவன்தான் என்று அறியாள்.

எரித்துவிடு!

பாபிங்டன் என்று ஒரு பணக்கார வாலிபன். வயது 24. அவனும் நண்பர்களும் ஒரு சதி செய்தார்கள். 6 பேர் எலிசபெத்தைக் கொல்வது, அந்நியப் படை வந்து இறங்குவது, மேரியை விடுவிப்பது. இதை அவன் சங்கேதத்தில் மேரிக்கு எழுதினான்.

ஜூலை 17-ந் தேதி மேரி பதில் எழுதினாள். அவள் சொல்லச் சொல்ல ஒரு காரியதரிசி பிரெஞ்சில் எழுதினான். மற்றொருவன் இங்கிலீஷில் பெயர்த்துச் சங்கேதமாக்கினான். காரியம் முடிந்ததும் தன்னை எப்படி மீட்க வேண்டும் என்று விவரமாக அதில் இருந்தது. கடைசியில், இதைப் படித்ததும் சீக்கிரம் எரித்துவிட வேண்டும் என்று கட்டளை.

சங்கேதம் இல்லாதிருந்தால் இதில் பாதியைக்கூட அவள் எழுதியிருக்க மாட்டாள். யாராலும் படிக்க முடியாது என்ற நம்பிக்கைதான் அவள் கையை அவிழ்த்துவிட்டது.

இன்று கைபேசியில் படித்ததும் தானாக அழியும் செய்திகள் வருகின்றன. அழியுமுன் அதைப் படம் பிடித்து வைத்தவனை எந்தக் கருவி என்ன செய்யும்? மேரியின் கடிதம் பாபிங்டனிடம் போகுமுன்பே பெலிப்ஸ் பிரதி எடுத்துவிட்டான். அதன்மேல் தூக்கு மரப் படமும் வரைந்தான்! அதோடு விடவில்லை. அந்த 6 பேரின் பெயர் என்ன என்று கேட்கும் ஒரு பின்குறிப்பை, மேரியின் சங்கேதத்திலேயே எழுதிச் சேர்த்தான்.

ஆகஸ்டில் வலை விழுந்தது. வேட்டைக்குப் போகலாம் என்று மேரியை வெளியே அழைத்துப் போனார்கள். வழியிலேயே கைது. அவள் அறையில் இருந்த காகிதங்களும் சங்கேதப் பட்டியல்களும் லண்டனுக்குப் போயின. பாபிங்டன் தலைமயிரை வெட்டி, முகத்தில் சாயம் பூசிக் காட்டில் ஒளிந்தான். அகப்பட்டான். செப்டம்பர் 20-ந் தேதி கொல்லப்பட்டான்.

அக்டோபர் 14, 15 தேதிகளில் பாதரிங்கே கோட்டையில் மேரிக்கு விசாரணை. அவளுக்கு வக்கீல் கிடையாது. தன் மூலக் கடிதத்தைக் காட்டும்படி கேட்டாள். காட்டவில்லை. பெலிப்ஸ் எடுத்த பிரதிதான் சாட்சி. காரியதரிசிகள் இருவரும் அந்த வாசகத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் நேரில் நிறுத்தவில்லை. அவள் உண்மையில் எழுதியது எது, பிறர் சேர்த்தது எது என்று பிரித்துக் காட்ட அவள் கையில் ஒரு துண்டுத் தாள் இல்லை. எரிக்கச் சொன்னவள் அவளேதான்!

கொலைத் தண்டனையில் கையெழுத்துப் போட எலிசபெத் மூன்று மாதத்துக்கு மேல் தயங்கினாள். பிப்ரவரி 1-ந் தேதி போட்டாள். 8-ந் தேதி காலை மேரி கலங்காமல் மேடை ஏறினாள். மூன்று வெட்டு. எல்லாம் முடிந்த பிறகு அவள் பாவாடைக்குள் ஏதோ அசைந்தது. பார்த்தால் அவள் வளர்த்த சின்ன நாய்! உடலை விட்டு வர மறுத்தது.

அவள் பூட்டிய கடைசிக் கடிதம் பல மாதம் கழித்து வைத்தியர் மூலம் பிரான்சு ராஜாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. அவள் பிள்ளை ஜேம்ஸ் 1603-ல் இங்கிலாந்துக்கும் ராஜா ஆனான். தாயின் உடலை 1612-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்கு மாற்றினான். எலிசபெத்தின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

தூதர் காஸ்டெல்னோவுக்கு எழுதிய கடிதங்கள் என்ன ஆயின? பாரிஸ் தேசிய நூலகத்தில், இத்தாலி சம்பந்தமான பழங் காகிதங்கள் என்ற பெயரில் தூங்கிக் கிடந்தன. எங்கும் குறிகள்தான். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, ஒன்றும் தெரியாது. ஒரு கணினி நிபுணர், ஒரு பியானோ வித்துவான், ஒரு ஜப்பானிய பௌதிக அறிஞர் ஆகிய மூன்று பேர் சேர்ந்து, கணினியின் துணையால் அவற்றைப் படித்து 2023-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 57 கடிதங்கள். அவற்றில் சுமார் 50 சரித்திர ஆசிரியர்களே அறியாதவை.

இத்தாலிய மொழியாக இருக்கும் என்று எண்ணித்தான் தொடங்கினார்கள். மொழி பிரெஞ்சு என்று தெரிந்தது. எழுதியவர் பெண் என்பதும் சொற்களிலிருந்து தெரிந்தது. என் விடுதலை என்ற சொல் வந்தது. என் மகன் என்ற சொல் வந்தது. சிறையில் கிடக்கும் ஒரு தாய் என்று ஊகித்தார்கள். பிறகு ஒரு வரியில் வால்சிங்காம் என்ற பெயர் வந்தது. யார் எழுதிய கடிதம் என்று அப்போது புரிந்தது.