தந்தைக்கு நீதி கேட்டு பாரீஸ் சென்ற மகன்

புதுச்சேரியில் நைனியப்ப பிள்ளை வீதி இருக்கிறது. அந்த நைனியப்பரின் மகன்தான் குருவப்ப பிள்ளை.

புதுச்சேரியில் இருந்து பாரீஸ், நேர்க்கோட்டில் சுமார் 8 ஆயிரம் கிலோமீட்டர். இன்று சென்னைக்குப் போய் விமானம் ஏறி, எங்கும் இறங்காமல் பறந்தால் 10, 11 மணி நேரத்தில் போய்விடலாம்.

குருவப்பர் காலத்தில்?

பாய்மரக் கப்பல்தான். சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறக்கப்பட்டது 1869-ல். ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் போகவேண்டும். தூரம் இரண்டு மடங்குக்கும் மேல். 6 மாதம் ஆகும், 8 மாதமும் ஆகும். எல்லாம் காற்றின் தயவு!

தந்தைக்குக் கசையடி

நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி. பெரிய வியாபாரி, செல்வாக்கு மிக்கவர். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் அந்தப் பதவியில் இருப்பது ஏசு சபைப் பாதிரிமாருக்குப் பிடிக்கவில்லை. கவர்னர் எபேரும் பகையானார்.

1716-ம் ஆண்டு. ராஜத்துரோகம் செய்ததாக நைனியப்பர் கைது செய்யப்பட்டார். தீர்ப்புச் சொன்னதும் அதே கவர்னரின் சபைதான்!

கடைவீதியில், ஊரார் பார்க்க 50 கசையடி. 3 ஆண்டு சிறை. 8,888 வராகன் அபராதம். சொத்து முழுவதும் பறிமுதல். குடும்பம் ஊரைவிட்டு விரட்டப்பட்டது.

அரசரிடம் முறையிடலாம். ஆனால், அரசர் இருப்பது பிரான்சில். மனு போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகுமே!

நைனியப்பருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார்.

கடல் கடந்தார்

தந்தை போனபின் தீர்ப்பு மாறி என்ன பயன் என்று மகன் ஓய்ந்துவிடவில்லை. குடும்பத்தின் மீது விழுந்த பழி துடைக்கப்படவேண்டும். மனுக்கள் கப்பல் ஏறின. குருவப்பரும் கப்பல் ஏறினார்.

கடல் கடப்பது ஆசாரக் குற்றம் என்று கருதப்பட்ட காலம் அது. சென்னையில் புறப்பட்டு, முதலில் இங்கிலாந்து போய், அங்கிருந்து பிரான்சுக்குச் சென்றார்.

அரசர் 15-ம் லூயி அப்போது சிறுவன். அவர் பெயரால் ஆட்சி நடத்தியவர் ஆர்லியன்ஸ் கோமகன். பாரீசில் வழக்குத் திரும்பியது. நைனியப்பர் குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. எபேர் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்றும் உத்தரவு பிறந்தது.

பாரீசில் குருவப்பர் கிறிஸ்தவர் ஆனார். ஞானத் தந்தையாக நின்றவர் யார் தெரியுமா? அந்த ஆர்லியன்ஸ் கோமகனேதான்! 1721-ல் 'செவாலியே' பட்டமும் கிடைத்தது. கசையடி பட்டவரின் மகன், பிரெஞ்சு அரசரின் பட்டம் பெற்ற வீரப் பெருமகன்!

எந்த மதத்தைக் காரணம் காட்டித் தந்தையை வீழ்த்தினார்களோ, அந்த மதத்தில் மகன் சேர்ந்தார். மனமாற்றமா, பதவிக்குச் செய்த ஏற்பாடா? அவர் மனதுக்குத்தான் வெளிச்சம்.

ஊர் திரும்பினார்

மறுபடி அதே கடல், அதே மாதங்கள். புதுச்சேரி திரும்பிய குருவப்பர், 1722-ல் தந்தை வகித்த அதே துபாஷிப் பதவியில் அமர்ந்தார்.

அந்தப் பதவியில் அவர் இருந்தது இரண்டே ஆண்டுகள். 1724-ல் காலமானார். பதவி கனகராய முதலியாருக்குப் போயிற்று. அவருக்குப் பின், நைனியப்பர் குடும்பத்தின் உறவினரான ஆனந்தரங்கப் பிள்ளையிடம் வந்தது. புகழ்பெற்ற நாட்குறிப்பை எழுதியவர் அவர்தான். பிரான்சில் இருந்து எந்தக் கப்பல் வந்தது, என்ன சேதி கொண்டுவந்தது என்று அதில் தவறாமல் குறித்துவைத்தார்.